சக்கரம் தரையில் நின்ற பிறகு

அத்தியாயம் 14

வேன் கம்பெனி ஆள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவார் என்று கடிதம் வந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். புதன்கிழமை வந்துவிட்டது.

சின்னவள் விடிந்ததும் எழுந்து, நாலு தடவை சரிபார்த்த காகிதத்தை ஐந்தாவது தடவையாகச் சரிபார்த்தாள். பன்னிரண்டு வேன்கள், பன்னிரண்டு ஓனர்கள். எந்த வேனில் எந்தத் தேதியில் முன்சக்கர புஷ் மாற்றினார்கள், மறுபடி எத்தனை நாளில் கிழிந்தது, அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

புஷ் என்பது பெரிய சமாசாரம் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். உள்ளங்கையில் அடங்கும். கம்பெனியில் போட்டு வந்தது மூன்று வருடம் தாங்கியது. அதன்பிறகு புதிதாக வாங்கிப் போட்டதெல்லாம் நாலைந்து மாதத்தில் கிழிந்தது. கிழிந்தால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆறு வாரத்துக்கு முன்னால் அப்படி இழுத்ததில்தான் மாமா பாலத்துச் சுவரில் போய் மோதி இறந்தார்.

மாமா என்றால் அக்கா புருஷன். விடிகாலையில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றப் போனவர். நல்ல வேளை வண்டி காலி என்று ஊரே சொன்னது. வண்டி காலியாக இல்லை, அதில் மாமா இருந்தார் என்று அக்கா மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

போலீஸ் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. ‘ஓட்டுநர் கண் அயர்ந்திருக்கலாம்.’

பதினேழு வருடம் வண்டி ஓட்டிய மனுஷனை ஒரே ஒரு ‘இருக்கலாமில்’ முடித்துவிட்டார்கள். எழுதியவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் வேலைகூட இல்லை. மாமாவின் போனில் இன்னும் தினம் மூன்றரை மணிக்கு அலாரம் அடிக்கிறது. அக்கா அதை அணைப்பதில்லை. சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். அதுவாக ஓயும்வரை படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்குப் புது வண்டி வேண்டாம், கம்பெனியிடம் நியாயம்கூட வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அவர் தூங்கவில்லை என்று யாராவது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது சின்னவளின் காகிதக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுல அது இருக்கா பாப்பா?”

“இன்னைக்கு வாங்கிடறேன்க்கா.”

“சண்டை போடாத. வாங்கிட்டு வா, போதும்.”

சண்டை போடாமல் எதை வாங்கியிருக்கிறோம் என்று கேட்க சின்னவளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். சின்னவள் பார்ப்பது குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் போனில் புகார் வாங்கும் வேலை. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிறவள். வருந்துகிறோம் என்றால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று அர்த்தம். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி அவள் கற்றுக்கொண்டது அதுதான். இன்றைக்கு அந்த வார்த்தையை எவனாவது தன்னிடம் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று பையைத் தோளில் மாட்டினாள்.

*

அண்ணனின் ஷெட்டில் ஒன்பதரைக்கே ஐந்து வேன்கள் வரிசை கட்டி நின்றன. மூலையில் தார்ப்பாய் போர்த்தி மாமாவின் வேன். அதன் பக்கம் யாரும் நிற்கவில்லை. நிற்காமல் இருப்பது தெரியாதபடி விலகி நின்றார்கள்.

அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டவன். அக்காவின் கல்யாணமும் சின்னவளின் காலேஜும் அந்த ஷெட்டில் இருந்துதான் வந்தன. அது வாடகை இடம். தரையில் குழி தோண்ட இடத்துக்காரர் விடவில்லை. அதனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, முதுகால் ஊர்ந்து உள்ளே போய்த்தான் எல்லா வேலையும். அவன் முறுக்கிய போல்ட் அசையாது என்று பேர். ஊர் வேன் ஸ்டாண்டில் இருந்த ஓனர்கள் எல்லாரும் அவனிடம்தான் வண்டியை விடுவார்கள்.

எல்லாரும் தாடி என்று கூப்பிடும் ஓனர் தன் வண்டியைப் பற்றி மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேனில் டிரைவர் பக்கத்து புஷ்தான் அடிக்கடி கிழிகிறது. மறுபக்கம் இரண்டு வருடமாகக் கல் மாதிரி இருக்கிறது. இது என்ன அநியாயம் என்றார். நீ உட்காரும் பக்கம் கிழியாமல் பூவா பூக்கும், முதலில் உன் எடையைக் குறை என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். தார்ப்பாய் மூடிய வேன் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கம்பெனி ஆள் சரியாகப் பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். சின்னவள் டையும் திமிருமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தாள். வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை தேய்ந்த சட்டை, கக்கத்தில் சுருட்டிய ரப்பர் பாய். யாரிடமும் கை குலுக்கவில்லை. பாயை விரித்து மாமாவின் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் இங்கும் அங்கும் போனது.

வெளியே வந்தபோது கையில் கிழிந்த புஷ் இருந்தது. அதைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சின்னவளின் பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“நீங்க போட்டதாம்மா இது?”

“ஆமா. தப்பு இருக்கா?”

“இல்ல. எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா போட மாட்டாங்க. ஒரு கட்டம் மட்டும் குறையுது. எங்க மாத்தினதுன்னு.”

சின்னவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. தலை நிமிர்ந்துதான் சொன்னாள். “எல்லாம் இங்கதான். எங்க அண்ணன்தான் மாத்துவான். எல்லாத்துக்கும் ஒரே பதில், அதுக்கு எதுக்கு ஒரு கட்டம்னு விட்டுட்டேன்.”

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார்.

“தம்பி, வண்டி ஸ்டாண்ட்ல இருக்கும்போதே போல்ட்டை முழுசா முறுக்கிடுவீங்களா?”

“ஆமா சார். கீழ இறக்கிட்டா கை போகாது.”

அவர் தலையசைத்தார். கிழிந்த புஷ்ஷை அண்ணனின் கையில் வைத்தார். தாடியின் வேனுக்குப் போய் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கிழியாத பக்கத்தை எங்கே மாற்றியது என்று கேட்டார். சவாரி போன இடத்தில், ஏதோ வெளியூர் பட்டறையில், குழிக்குள் நின்று மாட்டினார்கள் என்றார் தாடி. சொல்லிவிட்டு அவரே தாடியைச் சொறிவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான்.

*

ரோட்டோரம் கூப்பிட்டு அவர் சின்னவளுக்கு விளக்கினார். சக்கரம் தொங்கும்போது இரும்புக் கை கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் கை மேலே போகும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடாமல் சும்மா நிற்கும்போதும் அது முறுக்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஆளைக் கழுத்தைத் திருப்பி வைத்தபடியே காலையிலிருந்து சாயந்திரம் வரை மூட்டை தூக்கச் சொல்வது போல. நாலைந்து மாதம் தாங்குவதே பெரிது.

“பொருள் நல்ல பொருள்தான்மா. அவர் கையும் நல்ல கைதான். முறுக்கின நேரம்தான் தப்பு.”

சின்னவளுக்குக் காது சூடானது. “எழுதத் தெரிஞ்சவங்க நீங்க தப்பிச்சுடுவீங்க. வண்டிக்கு அடியில கிடக்கிறவன் மாட்டிக்கணும். அவனுக்கு இதை யார் சொன்னாங்க?”

“பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும்.”

“எந்த மொழியில?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க படிச்ச மொழியில. அவர் படிச்சதுல இல்ல. அது எங்க தப்பு. அதையும் எழுதுங்க, நான் கோடு போட்டு அடிக்க மாட்டேன்.”

பையிலிருந்து அச்சடித்த படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மாமா தூங்கவில்லை என்று தன்னால் எழுத முடியும் என்றார். பாலத்துக்கு முன்னாலேயே பிரேக் மிதித்த தடம் போலீஸ் எடுத்த படத்தில் தெரிகிறது, தூங்குகிறவன் பிரேக் மிதிக்க மாட்டான், வண்டிதான் இழுத்திருக்கிறது. ஆனால் ஏன் இழுத்தது என்று காரணம் எழுதாமல் அறிக்கை நிற்காது. அதற்கு அந்தக் கட்டம் வேண்டும். எங்கே, யார், எப்படி மாற்றியது என்று எழுதி, புகார் கொடுத்தவள் என்ற முறையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலைக்குள் வராவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்று முடித்துவிடுவார்கள். போலீஸ் எழுதிய வரி அப்படியே நிற்கும்.

“வருந்துகிறோம்னு சொல்ல மாட்டீங்களா?” என்றாள். குத்தலாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

“எனக்கு வருத்தமாத்தான்மா இருக்கு” என்றார் அவர். பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்து போனார்.

*

அரை நாள் லீவுதான் போட்டிருந்தாள். மதியம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினாள். முதல் போன். பெட்டி குளிரவில்லை, புதிதாக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்று ஒரு அம்மாள்.

எதிரே ஒட்டியிருந்த தாளில் முதல் கேள்வி இருந்தது. தாளைப் பார்க்காமலே கேட்கிற கேள்வி. தினம் எண்பது பேரிடம் கேட்கிற கேள்வி.

“யார் பொருத்தினது மேடம்?”

கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் பதில் சொன்னார், மறுபடி சொன்னார், ஹலோ ஹலோ என்றார். ஊரில் இருப்பவர்களிடமெல்லாம் கேட்ட கேள்வியைத் தன் சொந்தப் பட்டியலில் வைக்காமல் விட்டிருந்தாள். அண்ணன் வேலையில் தப்பு வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று யாராவது கட்டம் போடுவார்களா?

பிறகுதான் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால். மறுநாள் பரீட்சை. அவள் காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். முதன்முதலாக ஒரு வேனுக்குப் புது புஷ் வாங்கியிருந்தான். பெட்டியில் ஒரு தாள் இருந்ததாம், படம் போட்டுப் பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறதாம். கொஞ்சம் படிச்சுச் சொல்றியா பாப்பா என்று கேட்டான்.

அவள் தலையைத் தூக்கக்கூட இல்லை. “போல்ட் முறுக்க உனக்குத் தாள் வேணுமாண்ணா? உனக்குத் தெரியாதது அவனுங்களுக்கு என்ன தெரியும்?”

எரிச்சலில் சொன்னது. அவனைத் துரத்தச் சொன்னது. அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்க அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. காலேஜ் படிக்கிற தங்கச்சியே சொல்லிவிட்டாள் என்று தாடியிடம்கூடச் சொன்னானாம்.

*

சாயந்திரம் ஷெட்டில் ஒரே ஒரு வேன் மட்டும் இருந்தது. சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வேன் ஸ்டாண்டில் இல்லை. நாலு தடிப் பலகைகளை இரண்டிரண்டாக அடுக்கி, சரிவுக்கு இரண்டு பலகை சாய்த்து, முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தான் அண்ணன். சக்கரங்கள் வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. அடியில் ஒரு ஆள் ஊர்ந்து போகத் தாராளமாக இடம். அவன் கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன.

ஸ்பானர் சத்தம் நின்றது.

“தாடி வண்டி” என்றான் உள்ளேயிருந்து. “லூஸ் பண்ணிட்டு, இப்படி நிறுத்தி முறுக்கிட்டேன். பன்னிரண்டுலயும் பண்ணிக் கொடுத்துடணும்.”

“அண்ணா.”

“ஆறு பலகை பாப்பா. அவ்வளவுதான் வேலை. இந்தப் பலகை அந்த மூலையிலதான் கிடந்தது, மழைத் தண்ணி வந்தா மேல நிக்கறதுக்கு.”

வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ். அழுதிருந்தால் கிரீஸில் தெரிந்திருக்கும். அழவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆள் கையில் வைத்ததுமே புரிந்துவிட்டது என்றான். கிழிசல் ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு கிழிந்திருந்தது, இத்தனை நாள் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன், கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே பார்த்தேன், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்றான். மாமா கடைசியாக வண்டியை விட்டபோது, நல்லா டைட்டா போடு மாப்ள, போன தடவை மாதிரி சீக்கிரம் போயிடக் கூடாது என்று சொன்னாராம். அதனால் ஸ்பானர் பிடியில் நீளக் குழாயைச் சொருகி இன்னும் ஒரு சுற்று முறுக்கினானாம்.

சின்னவள் படிவத்தைப் பற்றிச் சொன்னாள். கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“எழுது” என்றான்.

“எழுதினா அக்காவுக்குத் தெரியும்.”

“எழுதலைன்னா மாமா தூங்கினார்னு ஆயிடும்.”

அவன் டூல் பெட்டியைத் திறந்தான். அடித்தட்டைத் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே எட்டாக மடித்த தாள். மடிப்பெல்லாம் கறுத்திருந்தது.

“நீ ஃப்ரீயா இருக்கும்போது காட்டலாம்னு வச்சிருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். இப்பவாவது படி.”

அவன் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் திரும்பிக் கத்தியிருப்பாள். எத்தனையோ பேரிடம் கத்திப் பழகியவள். இந்த மனுஷன் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

தாளைப் பிரித்தாள். படத்தில் சக்கரம், கை, போல்ட். அதன் கீழே ஆறு வரி. கண் ஐந்தாவது வரிக்குத் தானாகப் போனது: சக்கரம் தரையில் நின்ற பிறகே போல்ட்டை முழுதாக முறுக்கவும். பரீட்சைக்கு முந்தின நாள் படித்திருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது.

அக்கா. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், ரவிக்கைத் தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. தார்ப்பாய் போர்த்திய வேனை ஆறு வாரத்தில் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பார்த்தும் பார்க்காத மாதிரி அதைக் கடந்து வந்து, சின்னவளின் முன்னால் நின்றாள்.

“என்ன சொன்னார் அந்த ஆள்? அவர் தூங்கினாரா?”

“இல்லக்கா” என்றாள் சின்னவள். “தூங்கல. பிரேக் மிதிச்சிருக்கார். வண்டிதான் இழுத்திருக்கு.”

அக்கா அப்படியே கீழே கிடந்த டயரில் உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. ஆறு வாரமாகத் தினம் மூன்றரை மணிக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. அண்ணன் பக்கத்தில் போய்க் குந்தினான். என்ன செய்வது என்று தெரியாமல் கையை நீட்டினான், கிரீஸ் கை என்று நினைவு வந்து இழுத்துக்கொள்ளப் போனான். அக்கா விடவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீ ஒருத்தன்தான்டா தம்பி அன்னைக்கே சொன்னே, மாமா தூங்கியிருக்க மாட்டார், வண்டிதான்னு. நீ ஒருத்தன்தான் நம்பின.”

அண்ணன் சின்னவள் பக்கம் திரும்பினான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் கிரீஸ் தீற்றியிருந்தது. அழுது முடித்த குரலில், ஆனால் தெளிவாகக் கேட்டாள்.

“வண்டி ஏன் இழுத்ததாம்?”

அவள் கண் சின்னவளின் கையில் இருந்த தாளுக்கு வந்தது.

“அதுல எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லு பாப்பா.”

மூன்று வருடத்தில் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லி அவளிடம் கேட்பது இது மூன்றாவது தடவை. அண்ணன் தலையை ஆட்டினான், படி என்பது போல. அவன் கை இன்னும் அக்காவின் கைக்குள்தான் இருந்தது.

சின்னவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஐந்தாவது வரிக்கு இன்னும் நாலு வரி இருந்தது.